வாத்தியார் எங்கே?

எங்கள் ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வாத்தியார் எங்கே?"

காலரா ஊசி போட வருகிறவர் கேட்பார். ஆடு மாடு கணக்கெடுக்க வருகிறவர் கேட்பார். ஓட்டுக் கேட்க வருகிறவர் கேட்பார். வெளியூரிலிருந்து பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட, பையனுக்குக் குடி, சீட்டு ஏதாவது உண்டா என்று விசாரிப்பதற்கு வாத்தியாரைத்தான் தேடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. வாத்தியார் இல்லை என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். அவர் எங்கே போனால் என்ன? அந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். சரித்திரம் எழுதுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ராஜாக்களுக்கும் மந்திரிகளுக்கும் எழுதுவதற்குப் பண்டிதர்கள் இருக்கிறார்கள். கிராமத்து வாத்தியார் வகுப்பை விட்டு எழுந்து வெளியே போனாரே, எங்கே போனார், எதற்காகப் போனார் என்று எழுதத்தான் ஆள் குறைவு. ஆகவே நானே துணிந்துவிட்டேன்.

கொஞ்சம் பழைய காலத்திலிருந்து தொடங்குகிறேன். சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் வருஷம் ஜில்லா கலெக்டர்களுக்கெல்லாம் ஓர் உத்தரவு போட்டார். ஊருக்கு ஊர் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்து அனுப்பச் சொன்னார். பதில்கள் வந்து சேர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1826 மார்ச் மாதத்தில் அவர் எழுதி வைத்த குறிப்பில் மொத்தக் கணக்கு இருக்கிறது: சின்னதும் பெரியதுமாக 12,498 கல்விச்சாலைகள், 1,88,650 மாணவர்கள். ராஜதானியின் ஜனத்தொகை அப்போது சுமார் 1 கோடியே 28 லட்சம். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம்.

அந்தக் குறிப்பிலே இன்னொரு வரியும் இருக்கிறது. பிள்ளைக்கு மாதம் 4 அணாவிலிருந்து 8 அணா வரைதான் சம்பளம் கிடைக்கிறது. வாத்தியாருக்கு மாத வரும்படி 6, 7 ரூபாய்க்கு மேல் போவதில்லை. இந்தச் சம்பளத்துக்குத் தகுதியுள்ளவர்கள் இந்தத் தொழிலுக்கு எப்படி வருவார்கள் என்று மன்றோ கேட்கிறார். நல்ல கேள்வி. கேட்டவர் கவர்னர், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அது வேறு விஷயம்.

ஆறு ரூபாயில் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் நாலு வேலை பார்த்தார். அமாவாசை, பௌர்ணமி விடுமுறைக்கு 'வாவு' என்று பெயர். வாவு வந்தால் பிள்ளைகள் ஏதோ ஒரு காசு கொண்டுவருவார்கள். நவராத்திரியில் பிள்ளைகளுக்குக் கோலாட்டம் சொல்லிக் கொடுத்து வீடு வீடாக அழைத்துப் போனால் கொஞ்சம் துணி, கொஞ்சம் பணம். மற்ற நாளில் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார். கடன் பத்திரம் எழுதுவார். கல்யாண ஓலை எழுதுவார். பாகப் பிரிவினையில் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். அதாவது, வாத்தியார் வகுப்புக்கு வெளியே வேலை பார்க்கத் தொடங்கியது தேசத்தொண்டு செய்வதற்காக அல்ல. வயிற்றுப்பாட்டுக்காகத்தான். பின்னால் வந்த சர்க்கார் இதை நன்றாகக் கவனித்து வைத்துக்கொண்டது.

அவர் வெளியே போயிருக்கும்போது வகுப்பு என்ன ஆகும்? அதற்குத்தான் சட்டாம்பிள்ளை. சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்காக இருந்த விடுதியை 1789 முதல் நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுத்துப் பழகுகிற முறையை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பார்த்து எடுத்துக்கொண்டார். பெரிய பையன்களைக் கொண்டு சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புஸ்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது சீமையில் பரவிற்று. பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒரே வாத்தியாரை வைத்துச் சமாளிக்கிற வித்தைக்கு நம் பட்டணத்தின் பெயர் கிடைத்ததில் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

*

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் நூற்றிருபது வீடுகள். ஒரே ஒரு பள்ளிக்கூடம். நான் பிறப்பதற்கு முன்னால், 1940 முதல் ஏறக்குறைய முப்பது வருஷ காலம் அங்கே ஒரே வாத்தியார் இருந்தார். ஊரில் அவருக்குப் 'பெரிய வாத்தியார்' என்று பெயர். நான் அவரைப் பார்த்ததில்லை. என் பாட்டி சொல்லித்தான் தெரியும். பாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் மனிதர்களைப் படிப்பதில் அவளுக்கு நிகர் ஒருவரும் இல்லை.

பெரிய வாத்தியார் வாத்தியார் மட்டும் அல்ல. தபால் ஆபீஸும் அவர்தான். இது எங்கள் ஊர் அதிசயம் அல்ல. தேசம் முழுவதும் பல கிராமங்களில் இதுதான் ஏற்பாடு. 1854-ல் அரை அணாவுக்கு எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்று சர்க்கார் சட்டம் செய்தது. 1879-ல் காலணாக் கார்டு வந்தது. 1880-ல் மணியார்டர் வந்தது. 1882-ல் தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்கு வந்தது. கார்டு வந்துவிட்டது; மணியார்டர் வந்துவிட்டது; கிராமத்தில் இவற்றைக் கையாள எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே! முழுச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்தால் கட்டாது. ஏற்கெனவே அரைச் சம்பளத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மாதம் சில ரூபாய் படி போட்டுக் கொடுத்து, ஒரு முத்திரையையும் தராசையும் பூட்டுப் போட்ட பெட்டியையும் ஒப்படைத்துவிட்டால் தபால் ஆபீஸ் தயார்!

எழுதத் தெரிந்தவர் ஊரில் இன்னொருவரும் உண்டு. அவர் கர்ணம், கணக்குப்பிள்ளை. ஆனால் கர்ணத்தின் பேனா நிலத்தைத் தொடுகிற பேனா. அது ஒரு கோடு தப்பி விழுந்தால் வரப்பு நகர்ந்துவிடும். ஆகவே கர்ணத்தைக் கண்டால் ஜனங்கள் கும்பிடுவார்கள். கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டார்கள். (பரம்பரைக் கர்ணம் உத்தியோகத்தை 1980-ல் தமிழ்நாட்டு சர்க்கார் எடுத்தே விட்டது.) வாத்தியாரிடம் அந்தப் பயம் இல்லை. அவர் கையில் இருந்த பிரம்பு பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

அப்போது எங்கள் ஊரிலிருந்து பாதி ஆண்பிள்ளைகள் இலங்கைத் தோட்டத்திலும் ரங்கூனிலும் இருந்தார்கள். கடிதம் வந்தால் படிப்பதும் பெரிய வாத்தியார். பதில் எழுதுவதும் அவரே. ஒரு நாள் ஒரு கிழவி, ஐந்து வருஷமாகப் பணம் அனுப்பாத புருஷனுக்குக் கடிதம் எழுதச் சொல்லி உட்கார்ந்தாளாம். வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டினாளாம். பக்கத்தில் இருந்த ஒருவர், "என்ன வாத்தியாரே, இதையெல்லாமா எழுதுறது? கொஞ்சம் நயமாப் போட்டு விடுங்க" என்றாராம்.

"பள்ளிக்கூடத்திலேன்னா திருத்துவேன். இங்கே திருத்த எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லிவிட்டு, "சொல்லு தாயி, அப்புறம்?" என்றாராம் பெரிய வாத்தியார்.

இந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு வாத்தியாருக்குத் திருத்தாமல் இருப்பதைவிடக் கஷ்டமான காரியம் உலகத்தில் உண்டா?

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். சில மாதங்களில் பர்மா முழுவதும் அவன் கைக்குப் போய்விட்டது. கடிதம் வருவது நின்றது. லட்சக்கணக்கான பேர் காடும் மலையும் தாண்டி நடந்தே புறப்பட்டார்கள். வழியில் மாண்டவர்கள் அனேகம். ஊரில் இருந்த பெண்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. தினமும் காலையில் தபால் பை வருகிற நேரத்துக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நிற்பார்களாம். பாட்டி சொன்னாள்:

"இல்லைங்கிறதை அவர் உக்காந்த எடத்திலேருந்து ஒரு நாளும் சொன்னதில்லை, ராசா. பாடத்தை நிறுத்திப்புட்டு எந்திரிச்சு வாசலுக்கு வருவார். ஒவ்வொருத்தியா மொகத்தைப் பாத்து, 'இன்னைக்கு இல்லை தாயி' அப்படின்னு சொல்லுவார். பத்துப் பேர் நின்னா பத்துத் தடவை. அப்புறந்தான் உள்ளே போவார்."

இதைக் கேட்டு நான் உருகிப்போனேன். பிற்பாடுதான் வேறு ஒரு யோசனையும் வந்தது. பத்துப் பேருக்கும் தனித்தனியாக 'இல்லை' சொல்லுகிற நேரத்தில் உள்ளே வாய்ப்பாடு எந்த வரியில் நின்றிருக்கும்?

ஒன்றை மறைக்கக் கூடாது. திண்ணைப் பள்ளிக்கூடம் என்றால் திண்ணையில் ஏறக்கூடியவர்களுக்குத்தான். எங்கள் ஊரிலும் கீழத்தெரு ஜனங்கள் அந்தக் காலத்தில் தபாலுக்காக வெயிலில் தெருவில்தான் நின்றார்கள். பெரிய வாத்தியார் அவர்களை மேலே வரச் சொல்லவில்லை. அவர் முத்திரையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கி வந்து, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாராம். அவர்களை ஏற்ற அவருக்குத் துணிச்சல் இல்லை. தாம் இறங்கத் துணிச்சல் இருந்தது. அது பாதித் துணிச்சல்தான். அதற்கு மேல் அதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

*

அடுத்தது, சோறு.

பாடம் சொல்லுகிறவர் சோறும் போடுவது நம்மிடம் பழைய வழக்கம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தம்மிடம் படிக்க வந்த பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துச் சாப்பாடு போட்டார். நாகூர் குலாம் காதிறு நாவலர் உட்பட எத்தனையோ பேர் அவரிடம் பாடம் கேட்டார்கள். பிள்ளையவர்களுக்கு வருமானம் நிரந்தரமில்லை, கடன்தான் நிரந்தரம். அந்த வீட்டுக் கஷ்டங்களையெல்லாம் கூடவே இருந்து பார்த்த சீடர் உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார்.

ஒருவர் தம் கைக்காசைக் கொண்டு செய்த காரியத்தை, பொதுப் பணத்தைக் கொண்டு செய்யலாம் என்று சென்னை நகரசபைக்கு 1920-ல் தோன்றியது. ஸர் பி. தியாகராய செட்டியார் அப்போது தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, 1956-ல் ராஜ்யம் முழுவதற்குமான மதிய உணவு ஏற்பாடு தொடங்கியது. தொடக்க விழா எட்டயபுரத்தில். எங்கள் ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் பார்க்கப் போனார்களாம்.

செலவில் ஒரு பங்கு சர்க்கார். ஒரு பங்கு ஊரார். ஊராரிடம் அந்தப் பங்கை யார் வாங்குவது? அரிசியை யார் அளப்பது? யார் கணக்கு எழுதுவது? எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான். வாத்தியார் எங்கே? பெரிய வாத்தியார் மாலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவாராம். கம்பங்கதிரோ, பருப்போ, நாலு கத்தரிக்காயோ, யார் எதைக் கொடுத்தாலும் நோட்டில் பெயர் எழுதி வாங்குவார். மறுநாள் காலையில் அரிசியை அளந்து போட்டுவிட்டு, ஆயாவின் முன்னால் இரண்டு கையையும் தட்டிக் காட்டுவாராம். ஒரு மணியாவது விரலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாதாம்! அவர் வீட்டில் ஆறு பிள்ளைகள். அந்த ஆறும் இந்த அரிசியைச் சாப்பிடக் கூடாது என்பது அவர் போட்ட விதி. அவர் மனைவி அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று பாட்டியிடம் கேட்டேன். "அந்த அம்மா கிட்ட யாரு கேட்டா?" என்றாள்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அமைப்பாளர், சமையல்காரர், உதவியாளர் என்று தனித்தனி ஆட்கள் வந்தார்கள். வாத்தியாரின் கையிலிருந்து அளவுபடி போயிற்று. இந்தச் சரித்திரத்தில் வாத்தியாரிடமிருந்து ஒரு வேலையை எடுத்து, அதற்கென்று ஆள் வைத்த சந்தர்ப்பங்கள் வெகு சொற்பம். அதிலே இது பெரியது. அப்படிச் செய்ததால் சோறு நின்றுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

*

மூன்றாவது, தலை எண்ணுவது.

1871–72-ல் இந்த தேசத்தில் முதல் முதலாக ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். ஒரே சமயத்தில் தேசம் முழுவதும் எண்ணியது 1881 பிப்ரவரியில். 1931 வரை, ஒரு குறிப்பிட்ட இரவைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒரே இரவில் எண்ணி முடிப்பது வழக்கம். 1931-ல் அந்த இரவு பிப்ரவரி 26. முன்கூட்டியே வீடு வீடாகப் போய் எழுதி வைத்துக்கொண்டு, குறித்த இரவில் விளக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி போய்ச் சரிபார்க்க வேண்டும். இதற்கெல்லாம் கர்ணம், வாத்தியார், எழுதத் தெரிந்த யாராக இருந்தாலும் பிடித்துப் போட்டார்கள். கூலி என்று பேச்சில்லை. 1941 முதல் ஒரே இரவு என்ற ஏற்பாடு போயிற்று, வாத்தியார் போகவில்லை.

நம் பக்கத்தில் இந்த வேலையில் ஒரு விசேஷமான சங்கடம் உண்டு. பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். "அதான், பழனியிலே நிக்கிறாரே" என்பார்கள். பழனியாண்டியா, தண்டபாணியா, முருகனா, வேலாயுதமா? வெளியூர் குமாஸ்தாவாக இருந்தால் தலையைப் பிய்த்துக்கொள்வார். வாத்தியாருக்கு அந்தக் கவலை இல்லை. அந்தப் புருஷனுக்கு 'அ' எழுதக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான்! பெயரைத் தாமே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இது வேடிக்கைக்காகச் சொன்னது அல்ல. 1951–52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வடக்கே பல ராஜ்யங்களில் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவே மறுத்தார்கள். 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாயார்' என்றே எழுதிக்கொண்டு வந்தார்கள். தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்த சுகுமார் சென், இப்படிப் பெயரில்லாத பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடச் சொன்னார். சுமார் 28 லட்சம் பெண்களுக்கு அந்தத் தடவை ஓட்டு இல்லாமல் போயிற்று. வாசலில் வந்து நின்று பெயர் கேட்கிறவர் யார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். காகிதமும் பென்சிலும் யார் கையிலும் கொடுக்கலாம். உள்ளே இருக்கிறவள் வாயைத் திறக்க வேண்டுமே!

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. சர்க்காருக்கு வாத்தியாரிடம் வேண்டியது அவருடைய எழுத்து அல்ல. ஊர் அவரிடம் வைத்திருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சர்க்கார் உண்டாக்கவில்லை. 'இல்லை' என்று சொல்ல எழுந்து வந்தாரே, அங்கே அது உண்டாயிற்று. கையைத் தட்டிக் காட்டினாரே, அங்கே உண்டாயிற்று. சிறுகச் சிறுக அவர் சேமித்து வைத்த கணக்கிலிருந்து சர்க்கார் பணம் எடுத்துக்கொண்டே வந்தது. திருப்பிப் போட்டதா என்றுதான் கேட்கிறேன்.

*

1991-ல் நான் ஐந்தாம் வகுப்பு. பெரிய வாத்தியாரிடம் படித்த ஒருவரே அப்போது எங்கள் சார். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் விடியற்காலம் நாலரை மணிக்கு ஒரு பஸ் வரும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ். தொழிற்சாலையை எங்கள் ஜனங்கள் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள்; கேட்பதற்குக் கௌரவமாக இருக்கிறதல்லவா? கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் சௌகரியமாக இருக்கும். தீப்பெட்டி வேலையில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்த சாலை வழியாகவேதான் பஸ்ஸும் வந்துகொண்டிருந்தது.

எங்கள் சார் தினமும் நாலு மணிக்கு எழுந்து, கையில் டார்ச் விளக்குடன் பஸ் நிற்கிற புளியமரத்தடிக்குப் போய் நிற்பார். ஒன்றும் பேச மாட்டார். டிரைவரோடு சண்டை போட மாட்டார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிற தாய் தகப்பன் முகத்தில் மட்டும் விளக்கை ஒரு தரம் அடிப்பார். அவ்வளவுதான். பாதிப் பேர் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதற்கு எந்த உத்தரவும் கிடையாது; எந்தப் படியும் கிடையாது; எந்த ரிஜிஸ்தரிலும் இதற்குக் கலம் இல்லை.

அந்த வருஷம் பிப்ரவரி 9-ஆம் தேதி முதல் 28-ஆம் தேதி வரை ஜனத்தொகைக் கணக்கு. எங்கள் ஊரோடு பக்கத்து ஊரையும் சாருக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பகலெல்லாம் நடை, இரவெல்லாம் எழுத்து. நாலு மணிக்கு எழுந்திருக்க அவரால் முடியவில்லை. எங்கள் பள்ளிக்கூடம் பெயருக்குத் திறந்திருந்தது. எனக்குத் தசமபின்ன வகுத்தல் இன்றுவரை வராது. பதிப்பகத்தார் கொடுக்கிற கணக்கை அப்படியே நம்பி வாங்கிக்கொள்கிறேன். அது போகட்டும். அந்த இருபது நாளில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் பஸ் ஏறிவிட்டான்.

பாரக் கட்டைத் தூக்கிக்கொண்டு வர என்னைச் சார் கூட்டிப் போவது வழக்கம். கடைசி வாரத்தில் அவன் வீட்டு வாசலுக்கும் போனோம். பெயர், வயது, படிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். பையன் முறை வந்தது.

"வயசு?"

"ஒங்களுக்குத் தெரியாததா சார்? பத்து."

"பள்ளிக்கூடம் போறானா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறான் சார். பதினஞ்சு நாளாச்சு. ஒங்களைப் புளியமரத்துப் பக்கம் காணோம். நீங்களே விட்டுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டோம்."

சார் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். தம்முடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளையைத் தம் கையாலேயே, படிக்கவில்லை என்ற இடத்திலும் வேலைக்குப் போகிறான் என்ற இடத்திலும் குறித்துக்கொண்டார். பொய் எழுதுகிறவர் அல்ல அவர். அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம், "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் மாதத்தில் அவன் வீட்டுக்கு மூன்று தடவை போனார். அதற்குள் முன்பணம் வாங்கிவிட்டார்கள். அவன் வரவில்லை. அந்த வருஷமே தேர்தலும் வந்தது. சார் ஓட்டுப் பெட்டியோடு இன்னொரு ஊருக்குப் போனார்.

*

இப்போது இதற்குச் சட்டம் இருக்கிறது. தேர்தல் வேலைக்கு ஆசிரியர்களை விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நாளிலும்தான் கூப்பிட வேண்டும் என்று 2007 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. நல்ல காரியம்தான். வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்தைத் திறந்து விடுவதற்கும், நியாயமாக ஓட்டு எண்ணுவதற்கும் வாத்தியாரைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பார்? தலை எண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணாவிட்டால் யார் பள்ளிக்கூடத்தில் இல்லை என்பதே நமக்குத் தெரியாது. என் வாதம் சின்னது. வாத்தியாரை இருபது நாள் கடன் வாங்கினால், அந்த இருபது நாளும் புளியமரத்தடியில் நிற்க ஒருவரை அனுப்ப வேண்டும். சட்டத்தில் அதற்கு இடம் இல்லை. ஏனென்றால் அவர் அங்கே நின்றது எந்தச் சட்டத்துக்கும் தெரியாது.

வாத்தியாருக்கு வெளி வேலைகள் இரண்டு வகை. பிள்ளையிலிருந்து புறப்பட்டுப் போகிற வேலை ஒன்று; அது பிள்ளையிடமே திரும்பி வந்துவிடும். மேலேயிருந்து இறங்கி வருகிற வேலை மற்றொன்று. அதற்குச் சம்பளப் பட்டியில் பெயர் உண்டு, பிள்ளையின் பெயர் மட்டும் அதில் இராது. நாம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'சேவை' என்று சொல்லி மாலை போட்டுவிடுகிறோம்.

சார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. போன கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். என் பழைய கூட்டாளியைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸை விட்டு வெகு காலமாகிறது, லாரி ஓட்டுகிறான். அவன் பெண் நாங்கள் படித்த அதே பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் படித்தாளாம். சவாரி முடித்து ஊருக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் முதலில் பள்ளிக்கூடத்து வாசலில்தான் லாரியை நிறுத்துவானாம்.

"இறங்கி என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"என்ன செய்ய? உள்ளே எட்டிப் பார்த்து, 'வாத்தியார் எங்கே?'ன்னு கேப்பேன். இருந்தா, கும்பிட்டுட்டு வந்துருவேன். இல்லைன்னா, வர்ற வரைக்கும் திண்ணையிலே உக்காந்திருப்பேன்" என்றான்.